காலுக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி: வீட்டு ஃபுட் ஸ்பா கருவி தேறுமா?

ஃபுட் ஸ்பா கருவி வரும் அட்டைப் பெட்டியைப் படித்தாலே பாதி அலுப்பு தீர்ந்துவிடும். சூடு, குமிழி, அதிர்வு, உருளை, அகச்சிவப்பு ஒளி, மூலிகை போட ஒரு சிறு பெட்டி, டைமர், ரிமோட் என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். விலை இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டியும் போகிறது. நீரை ஊற்றிக் காலை வைத்துப் பார்த்த பிறகு, இந்தப் பட்டியலில் கொடுத்த காசுக்கு நியாயம் செய்வது ஒன்றுதான் என்று தெரிகிறது. இருபது நிமிடமும் சூடு இறங்காமல் இருக்கிறது.

இங்கே சோதனைக்கு எடுத்துக்கொண்டது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நடுத்தர வகை. கொள்ளளவு சுமார் 5 லிட்டர், மின்திறன் 400 வாட்ஸ், வெப்பநிலையை 35 முதல் 48 டிகிரி செல்சியஸ் வரை ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு காலையும் அருகருகே வைக்க இடம் உண்டு. பெரிய பாதம் உள்ளவர்கள் மட்டும் வாங்குமுன் உள்ளளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. வெளியளவு தாராளமாகத் தெரியும், உள்ளே விரல் மடங்கும்.

சூடு: கணக்கு சொல்வது

5 லிட்டர் குழாய் நீரை 28 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 293 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 400 வாட்ஸ் கருவிக்கு அது 12 நிமிட வேலை. வழியில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் கால் மணி நேரம். சோதித்த கருவியும் அப்படியேதான் நடந்துகொண்டது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் வெந்நீரை ஊற்றியே தொடங்கலாம். சூட்டைக் காப்பதை மட்டும் கருவியிடம் விட்டுவிடலாம்.

இங்கேதான் வாங்குபவர்கள் ஏமாறும் இடமும் இருக்கிறது. விலை குறைந்த சில மாதிரிகளில் மின்திறன் நூறு வாட்ஸை ஒட்டியே இருக்கும். அவை ஊற்றிய வெந்நீரின் சூட்டைக் கொஞ்ச நேரம் தக்கவைக்கும், அவ்வளவுதான். பச்சைத் தண்ணீரைச் சூடாக்க அவற்றால் ஆகாது. பெட்டியின் முகப்பில் 'ஹீட்டிங்' என்று போட்டிருப்பதை நம்பாமல், அடியில் ஒட்டியிருக்கும் வாட்ஸ் எண்ணைப் பார்க்க வேண்டும். முந்நூறுக்குக் கீழே இருந்தால் வாங்காமல் வந்துவிடலாம்.

பெரும்பாலான கருவிகளில் இருப்பது பிடிசி எனப்படும் பீங்கான் ஹீட்டர். வெப்பம் கூடக்கூட அதன் மின்தடையும் கூடும் என்பதால், தானாகவே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். வாளியில் போடும் இம்மர்ஷன் ராடைவிடப் பாதுகாப்பானது. மின்செலவும் பயப்படும்படி இல்லை. ஒரு யூனிட்டில் ஏழெட்டு முறை காலை ஊறவைக்கலாம்.

காலைச் சூடாக்கினால் உண்மையில் பலன் உண்டா? உண்டு, அதுவும் தூக்கத்துக்கு. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 1999இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், கை கால்களில் ரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பம் வெளியேறுபவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வருவதைக் காட்டினார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு 40 முதல் 42.5 டிகிரி நீரில் குளித்தவர்களுக்குத் தூக்கம் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாக வந்ததாகச் சொன்னது. அதாவது 48 டிகிரி வரை போகும் பொத்தானுக்கு வேலையே இல்லை. 42இல் நிறுத்திக்கொள்ளலாம்.

குமிழி, உருளை, சிவப்பு விளக்கு

குமிழியைத் தட்டிவிட்டதும் முதலில் வருவது சத்தம். மீன் தொட்டியின் காற்று பம்பு போல ஓர் உறுமல். மெல்லிய பாட்டு கேட்டுக்கொண்டே கண்ணை மூடலாம் என்றால் நடக்காது. அடியில் உள்ள துளைகள் வழியாகக் காற்று வருகிறது, பாதத்தில் கூச்சம் காட்டுகிறது. நீர்ப்பீய்ச்சல் கொண்ட ஜக்கூசி தொட்டியின் அழுத்தத்தை இதில் எதிர்பார்க்க முடியாது. இன்னொரு சங்கடம், வெளிக்காற்று நீரைக் குளிர்விக்கிறது. மூடியைப் போட்டு நீரைச் சூடாக்கிவிட்டு, பிறகு குமிழியை ஓடவிடுவதே சரி. சோப்பு நுரையோடு ஓடவிட்டால் நுரை தரையில் வழியும்.

உருளைகளில் இரண்டு வகை. காலை நாமே முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியது ஒன்று, மோட்டார் சுற்றுவது இன்னொன்று. விலை ஏறுவது இரண்டாவதற்குத்தான். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உள்ளங்காலின் வளைவில் அது இதமாகவே இருக்கிறது. ஆனால் குதிகால் வலிக்கு இதை மருத்துவம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

'அகச்சிவப்பு' விளக்கு வெறும் அலங்காரம். அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பாக மினுக்குவது சாதாரண எல்இடி. அதைவிட மோசமானது, 'நச்சை உறிஞ்சும்' அயனிக் கால் குளியல் என்று விற்கப்படும் தனிக் கருவி. நீர் பழுப்பாக மாறுவதைக் காட்டி, உடம்பிலிருந்து வந்த கழிவு என்பார்கள். உப்பு நீரில் மின்சாரம் பாயும்போது உலோக மின்வாய் அரிப்பதால் வரும் நிறம் அது. காலே வைக்காவிட்டாலும் நீர் பழுப்பாகும். கனடா ஆய்வாளர்கள் 2012இல் இத்தகைய கருவி ஒன்றைச் சோதித்து, நச்சு உலோகங்கள் உடலிலிருந்து வெளியேறியதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

இருபது நிமிடத்துக்குப் பிறகு

விளம்பரத்தில் வராத பகுதி இது. 5 லிட்டர் நீரும் கருவியும் சேர்ந்தால் ஏழெட்டு கிலோ. ஈரக் காலோடு அதைத் தூக்கிக் குளியலறைக்குப் போவது வழுக்கி விழ ஏற்ற வழி. வடிகுழாயும் சக்கரமும் உள்ள மாதிரிக்குச் சில நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். ஊற்றும்போதும் வடிக்கும்போதும் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். எர்த் உள்ள மூன்று முள் பாயிண்ட்டும், வீட்டு மெயினில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாத இடத்தில் இந்தக் கருவியே வேண்டாம்.

கழுவுவதில் சோம்பல் கூடாது. கலிபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு ஒரு நகப் பராமரிப்பு நிலையத்தின் சுழல்நீர்த் தொட்டிகளில் கால் நனைத்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்களில் கொப்புளங்கள் வந்தன. நீர் உள்வாங்கும் வலைக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் சேர்ந்திருந்தன. அங்கே பெருகிய ஒரு பாக்டீரியாதான் காரணம். சொந்தக் கருவியில் ஊராரின் கால் படாது என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் உருளைகளைக் கழற்றிக் கழுவி, துடைத்துக் காயவைக்க வேண்டும். மிச்சம் நிற்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடு. போர்வெல் நீர் உள்ள வீடுகளில் ஹீட்டர் தட்டில் வெள்ளை உப்பு படியும். மாதம் ஒருமுறை எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரை நிரப்பி ஊறவைத்தால் போய்விடும்.

எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) போடலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. தோல் வழியாக மெக்னீசியம் உடலுக்குள் போகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பல கருவிகளின் கையேடு உப்பையும் எண்ணெயையும் தடுக்கிறது. முதலில் கையேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

யார் ஒதுங்க வேண்டும்

சர்க்கரை நோயாளிகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி, 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நரம்பு பாதிக்கப்பட்ட காலுக்குச் சூடு தெரியாது. நீர் சுடுகிறது என்று மூளைக்குச் செய்தி போவதற்குள் தோல் வெந்துவிடும். அம்மா அப்பாவுக்குப் பரிசாக வாங்க நினைப்பவர்கள் முதலில் அவர்களுடைய மருத்துவரைக் கேட்க வேண்டும். வெரிகோஸ் வெயின், ஆறாத புண், கர்ப்பம் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

பக்கவாத்தியம்

ஸ்பாவின் மணம் வேண்டுமானால் அல்ட்ராசோனிக் டிஃப்யூசர் போதும். நொடிக்குப் பல லட்சம் முறை அதிரும் சிறு தகடு நீரைக் குளிர்ந்த பனியாக்கித் தைலத்தோடு பரப்புகிறது. 100 மில்லி நீருக்கு நான்கைந்து சொட்டு தாராளம். உப்பு நீர் ஊற்றினால் மேசையெல்லாம் வெள்ளைப் பொடி படியும், ஆர்ஓ நீரே நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் பூனையும் இருக்கும் அறையில் இதைத் தவிர்ப்பது நல்லது. டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு நஞ்சு.

தீர்ப்பு

வாங்குமுன் ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம். அகலமான பிளாஸ்டிக் டப்பில் 4 லிட்டர் குழாய் நீர், அதில் கெட்டிலில் கொதித்த 1 லிட்டர். கலந்து, கையால் தொட்டுப் பார்த்த பிறகு காலை வைக்க வேண்டும். சூடு 42 டிகிரியை ஒட்டி வரும், மெல்ல இறங்கும். இந்தச் சுகத்தை ஒரு மாதம் விடாமல் அனுபவிப்பவர்களுக்குக் கருவி பயன்படும். இரண்டு நாளில் டப் மாடிப்படிக்கு அடியில் போய்விட்டால், கருவியும் அங்கேதான் போகும்.

வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவை நான்கு: 400 வாட்ஸோ அதற்கு மேலோ உள்ள ஹீட்டர், வெப்பநிலை காட்டும் திரை, கழற்றிக் கழுவும் உருளை, வடிகுழாய். ரிமோட்டுக்கும் சிவப்பு விளக்குக்கும் கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.