கண்ணுக்கு ஓர் அரிச்சுவடி

படம் பார்ப்பதற்குக்கூடப் படிப்பு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கதை படிக்க எழுத்துத் தெரியவேண்டும். சங்கீதம் கேட்க ராகம் தெரிந்தால் நல்லது. கண் மட்டும் பிறந்த நாளிலிருந்தே திறந்துதானே இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. கண் திறந்திருப்பது வாஸ்தவம். ஆனால் நம் கல்யாணப் பத்திரிகைகளையும், கடைத்தெருவில் கட்டித் தொங்கவிடும் பிளெக்ஸ் தட்டிகளையும் பார்க்கும்போது, அது பழகிய கண்தானா என்ற சந்தேகம் வருகிறது. ஒரே தட்டியில் இருபது முகங்கள், ஆறு விதமான எழுத்துகள், கிடைத்த வர்ணம் அத்தனையும். எதை முதலில் பார்க்கவேண்டும் என்பது வைத்தவருக்கும் தெரியாது, வழியில் போகிறவருக்கும் தெரியாது. கையிலுள்ள போனிலேயே யார் வேண்டுமானாலும் பத்திரிகை தயாரித்துவிடலாம் என்று ஆகிவிட்ட காலம் இது. கருவி வந்துவிட்டது, கண் இன்னும் வந்து சேரவில்லை.

சமநிலை, அளவு, வெற்றிடம், அழுத்தம் என்று இந்த வித்தையை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துச் சொல்லும் புத்தகங்கள் எவ்வளவோ இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே விஷயம்தான். கண் முதலில் எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பது. மற்றவற்றையெல்லாம் அதற்கு ஊழியம் செய்ய வைப்பது. இதைப் படிக்கச் சேலம், நாமக்கல் வாசிகள் வெகு தூரம் போகவேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து ஒரு பட்டு வேஷ்டியை எடுத்து விரித்தால் போதும்.

சேலம் வெண்பட்டு வேஷ்டியில் நெசவாளி என்ன செய்திருக்கிறான்? பெரும்பகுதியை ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கிறான். அவ்வளவு வெண்மைக்கும் எல்லை கட்டுவது விரலளவு ஜரிகைக் கரை. அந்தக் கரையை உடல் முழுவதும் நெய்யத் தெரியாமலா விட்டான்? தெரியும். கரைக்குக் கௌரவம் தருவது அந்த வெண்மைதான் என்பதும் அவனுக்குத் தெரியும். சும்மா கிடக்கும் இடம் வீணான இடமல்ல என்பது முதல் பாடம். நம் பத்திரிகை அச்சிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே தவறிவிடுகிறார்கள். காகிதத்தில் ஓர் அங்குலம் வெள்ளையாக நின்றால், கொடுத்த பணத்துக்கு அது நஷ்டம் என்று நினைக்கிறார்கள்.

அடுத்த பாடங்களுக்கு நாமக்கல்லுக்குப் போகவேண்டும். நாமக்கல் என்றதும் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை நினைவுக்கு வருகிறார். கவிஞராகப் பெயர் பெறுமுன் அவர் ஓவியர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பாறை அவருக்கு வெகு காலம் முன்பே சித்திர வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படும் இரண்டு குடைவரைக் கோயில்கள் அந்த ஒற்றைக் கல் மலையில் இருக்கின்றன. ஒன்றில் ரங்கநாதர், மற்றதில் நரசிம்மர். அதியமான் மரபில் வந்த குணசீலன் பெயரோடு, ‘அதியேந்திர விஷ்ணு கிருகம்’ என்று கல்வெட்டு சொல்கிறது.

நரசிம்மர் குடைவரையில் நரசிம்மம் ஒன்றல்ல, இரண்டு. கருவறையில் அமர்ந்திருப்பவர் ஒருவர். நடுவில் பெரிய உருவம். இருபுறமும் பரிவாரங்கள் சரிக்குச் சரியாக நிற்க, தராசு முள் அசையாமல் நின்றாற்போன்ற அமைதி. அதே குடைவரையில், மடியில் குறுக்கே கிடக்கும் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர் இன்னொருவர். அங்கே சரிக்குச் சரி என்ற பேச்சே கிடையாது. கோடுகள் எல்லாம் சாய்கின்றன, வெட்டிக்கொள்கின்றன, ஒரு பக்கமாக இழுக்கின்றன. ஆனாலும் காட்சி கவிழவில்லை; இரணியனின் உடல் இழுக்கும் பாரத்தைச் சிங்கத்தின் நிமிர்ந்த உடல் தாங்கிக்கொள்கிறது. சமநிலையில் இரண்டு வகை உண்டு, ஒன்று சாந்தத்துக்கு, மற்றது கோபத்துக்கு என்று இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியாது. முகபாவத்தை மட்டும் மாற்றி ரௌத்திரம் காட்டப் பார்க்கும் காலண்டர்க்காரர்கள் இங்கே வந்து ஒரு நாள் உட்காரலாம்.

அதே இடத்தில் திரிவிக்கிரமனும் இருக்கிறான். மாமல்லபுரத்து வராக மண்டபத்திலும் திரிவிக்கிரமன் உண்டு. கம்பீரத்தில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அங்கே வாமனன் இல்லை. நாமக்கல் சிற்பியோ குள்ள வாமனனையும் அதே காட்சிக்குள் கொண்டுவந்து விட்டான். அதனால் இடம் கொஞ்சம் நெருக்கமாகிவிட்டது என்று குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மாமல்லபுரத்தின் விசாலம் இங்கே இல்லை. ஆயினும் கதை எழுதுகிறவன் என்ற முறையில் என் ஓட்டு நாமக்கல்லுக்குத்தான். பக்கத்தில் சிறியது ஒன்று இருந்தால்தான் பெரியது பெரிதாகும். வாமனனைப் பார்த்த கண்ணோடு அந்தத் தூக்கிய காலைப் பார்க்கும்போதுதான் மகாபலிக்கு நேர்ந்தது நமக்கும் நேர்கிறது. முன்பு நடந்ததும் பின்பு நடந்ததும் ஒரே சட்டத்துக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன.

நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயருக்குக் கூரை கிடையாது. பின்னால் ஆகாயம்தான் திரை. தூரத்தில் இருக்கும் இரண்டு உருவங்களை ஒரு பார்வைக் கோடு கட்டிப்போட்டிருக்கிறது. குகைக்குள் இருப்பவருக்கும் வெளியே வெயிலில் நிற்பவருக்கும் நடுவே உள்ள வெளியும் அந்தச் சிற்பத்தில் சேர்ந்ததுதான்.

இந்தப் பார்வைக் கோட்டை ஒரு கதையாகவே ஆக்கிவிட்ட இடம் சேலத்துக்கு மேற்கே உள்ள தாரமங்கலம். அங்கே கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில், நாமக்கல் குடைவரைகளுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. அங்கே போகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது சிங்கத்தின் வாயில் உருளும் கல் உருண்டை. விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. பிறகு கல்லிலேயே செதுக்கிய சங்கிலி. பார்க்கிறவர்கள் மூக்கில் விரலை வைக்கிறார்கள். வைக்கட்டும், அந்தக் கைத்திறனை மட்டமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த உருண்டை நமக்கு என்ன சொல்கிறது? தன்னைச் செய்தவன் கெட்டிக்காரன் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

அதே கோயிலில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடும் தூண் ஒன்று. வில்லேந்திய இராமன் நிற்கும் தூண் ஒன்று. இராமன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் சண்டை தெரியும். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். இதையும் ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். இது வேடிக்கையா? மறைந்திருந்து எய்தது தர்மமா என்று காலம் காலமாக நடக்கும் வழக்கு அது. சிற்பி தீர்ப்புச் சொல்லவில்லை. நம்மை இரண்டு இடத்திலும் நிற்க வைத்துவிடுகிறான். இராமன் பக்கத்தில் நிற்கும்போது நாமும் ஒளிந்துகொண்டு பார்க்கிறோம். வாலியின் பக்கத்தில் நிற்கும்போது நாம் கண்ணுக்கெட்டிய மட்டும் தேடியும் எய்தவன் அகப்படவில்லை. யார் எங்கே நின்று பார்க்கிறார் என்பதை வைத்தே நாவலாசிரியன் கதையின் நியாயத்தை மாற்றுகிறான். அந்த ரகசியத்தை இரண்டு தூண்களும் நடுவில் ஒரு வெற்றிடமும் கொண்டு ஒருவன் சாதித்திருக்கிறான்.

உருண்டையையும் இராமனையும் செதுக்கியது ஒரே கையாகக்கூட இருக்கலாம். முன்னதில் கை மட்டும் வேலை செய்தது. பின்னதில் எதிரே வந்து நிற்கப்போகிறவனை நினைத்து ஒரு மனமும் வேலை செய்தது. நம் எழுத்திலும், படத்திலும், சுவரில் ஒட்டும் காகிதத்திலும் உருண்டைகள் மலிந்துவிட்டன. அதற்குச் செய்கிறவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. தாரமங்கலத்துக்குப் போனால் நாம் எதன் முன்னால் கூட்டம் கூடி நிற்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.