உழிஞையும் கருவி அலுமாரியும்: கணினி விளையாட்டொன்றின் அரண் பற்றிய சமூகவியல் நோக்கு

1

இலக்கியத் திறனாய்வு தனது ஆய்வெல்லையை அவ்வப்போது மீள வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. நாட்டார் பாடலும் கூத்தும் பல்கலைக்கழக ஆய்வுக்கு உரியனவல்ல என்று கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. பின்னர் திரைப்படம் பற்றியும் அதே ஐயம் எழுந்தது. இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வாழும் இளைஞர் பலர், நாவலுக்கோ நாடகத்துக்கோ அளிக்காத நேரத்தை, பலர் ஒருங்கே ஆடும் கணினி விளையாட்டுகளுக்கு அளிக்கின்றனர். இதனைச் சீரழிவு எனக் கூறி ஒதுக்குதல் எளிது. ஆயின் ஒரு சமுதாயம் தனது அச்சங்களை எவ்வடிவிற் கற்பனை செய்கின்றது என்பதை அறிய விரும்புவோர் அவ்வாறு ஒதுக்குதல் இயலாது.

ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது 'றஸ்ற்' எனும் விளையாட்டாகும். இங்கிலாந்தின் பேஸ்பஞ்ச் ஸ்ரூடியோஸ் நிறுவனம் இதனை 2013 டிசம்பரில் முன்வெளியீடாகவும் 2018 பெப்ரவரியில் முழுமையாகவும் வெளியிட்டது. பிழைத்திருத்தலே இதன் பொருள் எனப்படினும், ஆடுவோரின் உழைப்பிற் பெரும்பகுதி அரண் அமைத்தலிலேயே செலவாகின்றது. இளைஞர் 'பேஸ்' என வழங்கும் அவ்வரணை ஒரு பனுவலாகக் கொண்டு வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

ஆட்டத்தின் தொடக்கம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. ஆடையற்ற மனிதன் ஒருவன் கடற்கரையில் விழித்தெழுகின்றான். அவன் கையில் ஒரு கல்லும் ஒரு தீப்பந்தமுமே உள. அவனுக்குப் பெற்றோரில்லை, ஊரில்லை, மொழியில்லை. மரம் வெட்டியும் கல் உடைத்தும் தாது அகழ்ந்தும் அவன் பொருள் சேர்க்கின்றான். சேர்த்ததைக் காக்கச் சுவர் எழுப்புகின்றான்.

இக்கதை புதியதன்று. 1719 இல் வெளிவந்த டானியல் டிபோவின் றொபின்சன் குரூசோவும் தீவில் ஒதுங்கியபின் மேற்கொள்ளும் முதல் வேலைகளுள் ஒன்று, தன் குகையைச் சுற்றி வேலியிடுவதாகும். அவ்வேலிக்கு அவன் வாயில் வைப்பதில்லை. ஏணி கொண்டு ஏறி, அதனை உள்ளே இழுத்துக்கொள்கின்றான். தனித்த மனிதனை வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளும் இத்தகைய கதைகளை மார்க்ஸ் 1857 இல் எழுதிய முன்னுரையில் எள்ளி நகையாடினார். தனித்த மனிதன் வரலாற்றின் தொடக்கம் அல்லன், முதலாளித்துவ சமுதாயத்தின் விளைபொருளே என்பது அவர் கருத்து. சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடும் மனிதரை ஆடை களைந்து கடற்கரையில் நிறுத்திவிட்டு, இதுவே மனித இயற்கை எனக் காட்டுதல் முந்நூறு ஆண்டு பழைமையான உத்தியாகும்.

3

அரணின் அமைப்பை இனி நோக்குவோம். வெறுஞ்சுள்ளிச் சுவர் முதற் கவசத் தகட்டுச் சுவர் ஈறாக இவ்விளையாட்டிற் சுவர்கள் ஐந்து தரத்தன. சுள்ளிச் சுவரின் தாங்குவலு 10 அலகு. மரம் 250, கல் 500, உலோகத் தகடு 1000, கவசத் தகடு 2000. எச்சுவரும் தகர்க்கவியலாததன்று என்பதே இவ்வெண்களின் உட்பொருள். ஆகவே அரண் அமைப்போன் 'எவ்வாறு எவரும் நுழையாதிருக்கச் செய்வது?' என வினவுவதில்லை. 'நுழைவோனுக்கு எவ்வளவு செலவு வைப்பது?' என்றே வினவுகின்றான்.

கற்சுவர் ஒன்றுக்கு 300 அலகு கல் தேவை. அதனைத் தகர்க்க இரண்டு வெடிப்பொதிகள் வேண்டும். ஒரு பொதியைச் செய்யச் செலவாகும் கந்தகம் 2200 அலகு. கவசச் சுவருக்கோ எட்டுப் பொதிகள், அதாவது 17,600 அலகு கந்தகம். நடுவறையைச் சுற்றி வெற்றறைகளை அடுக்கும் 'தேன்கூடு' முறை, ஒரு கதவு திறக்கையில் மற்றையது மூடியிருக்கும் இரட்டைக் கதவு, செல்வத்தை ஒரே அறையில் வையாது பிரித்து வைத்தல் ஆகிய உத்திகள் யாவும் இச்செலவைக் கூட்டுவனவே. அனுபவமுள்ள ஆட்டக்காரர் ஓர் அரணின் வலிமையைக் கந்தக அளவிலேயே கூறுவர். சகல உழைப்பையும் ஒப்பிட்டு அளக்கும் பொதுச் சமன்பண்டமாகக் கந்தகம் இங்கு தொழிற்படுகின்றது. பாதுகாப்பு எனப்படுவது அச்சமின்மையன்று. கொள்ளையின் ஆதாயத்திலும் கொள்ளைக்கான முதலீட்டை மிகுவித்தலே. 'மூலதனம்' நூலின் முதல் அதிகாரத்தைப் படித்திராத இளைஞரும் இக்கணக்கைத் திறம்படச் செய்கின்றனர்.

இங்கு இன்னொன்றையும் கூறவேண்டும். ஆட்டக்காரன் கணினியை அணைத்துச் சென்றபின்பும் அவனது உடல் அவ்வுலகிலேயே உறங்கிக் கிடக்கும். சூறையாடுவோர் பெரும்பாலும் இவ்வேளையையே நாடுவர். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, கொழும்பு இளைஞன் விரும்பியா தன் அரணை விட்டு நீங்கினான்? மின்வெட்டு இல்லாத நாட்டிலிருந்து ஆடுபவனோடு அவன் சமநிலையில் நிற்கவில்லை. கல்லும் தீப்பந்தமும் அனைவர்க்கும் ஒன்றே என்னும் ஆட்டத்தின் சமத்துவம், மின்னிணைப்பின் வாயிலிலேயே முடிந்துவிடுகின்றது.

4

சுவர் அரணின் புறத்தோற்றம் மாத்திரமே. அதன் உயிர்நிலை நடுவறையில் உள்ள 'கருவி அலுமாரி'. அதில் உரித்துப் பெற்றவரே அவ்விடத்திற் கட்டடம் எழுப்பலாம். ஏனையோர் கட்ட முயன்றால் விளையாட்டின் நிரலே தடுத்துவிடும். சுவர்களைப் பேணுதற்கான கல்லும் உலோகமும் அதனுள்ளேயே வைக்கப்படல் வேண்டும். அவை தீர்ந்தால் பகைவன் வாராமலே அரண் சிதையும். அலுமாரியை உடைத்துத் தன்னுடையதை வைப்பவனுக்கே அவ்வரணின் உரிமை செல்லும்.

இவ்விடத்திலேயே விளையாட்டின் கருத்தியல் வெளிப்படுகின்றது. அரசும் சட்டமும் அற்ற இயற்கை நிலையைக் காட்டுவதாக அது தோற்றமளிக்கின்றது. ஆயின் அலுமாரி என்பது யாது? அது காணி உறுதி, காணிப் பதிவேடு. இன்னாருக்கு இவ்விடத்தில் உரிமையுண்டு, இன்னாருக்கு இல்லை எனத் தீர்ப்பளித்து, அத்தீர்ப்பை மறுக்கவியலாதபடி நிறைவேற்றும் அதிகாரம். வாசல் வழியே வெளியேற்றப்பட்ட அரசு, நிரலினூடு உள்ளே வந்து அமர்ந்துவிட்டது. தனியுடைமையைக் காக்கும் நிறுவனத்தை இயற்கை விதியாக மாற்றிவிட்டு, 'மனிதர் இயல்பிலேயே கொள்ளையர்' என்ற முடிவுக்கு ஆடுவோரை அது இட்டுச் செல்கின்றது.

மாதந்தோறும் உலகம் முழுவதும் அழிக்கப்பட்டு ஆட்டம் புதிதாகத் தொடங்குவதும் இக்கருத்தியலைக் குலைப்பதில்லை. செல்வம் அழிகின்றது, ஆனால் உடைமை உறவு அழிவதில்லை. எனவே மறுநாளே பழைய ஏற்றத்தாழ்வு மீளத் தோன்றிவிடுகின்றது.

5

பண்டைத் தமிழ்ப் புலமை மரபு இவ்விடயத்தில் இதனினும் கூர்மையான வரலாற்றுணர்வு கொண்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. தொல்காப்பியம் ஆநிரை கவர்தலாகிய வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறனாகவும், மதில் வளைத்தலும் காத்தலுமாகிய உழிஞையை மருதத்துக்குப் புறனாகவும் வகுத்தது. மலைநிலத்தார் கவரும் செல்வம் நடமாடும் மந்தை. அதனைச் சூழ மதில் தேவையில்லை. நெல் விளைந்து உபரி குவியும் வயல்நிலத்திலேயே மதில் தோன்றுகின்றது. பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை, காத்தலை நொச்சி எனத் தனித் திணையாகப் பிரித்தது. திணைப் பாகுபாட்டைச் சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் வெளிப்பாடாகக் கா. சிவத்தம்பி 1974 இல் விளக்கினார். அவ்விளக்கத்தின் ஒளியில் நோக்குமிடத்து, மதிலுக்கு ஒரு நிலமும் ஒரு காலமும் உண்டு என்பது தெளிவாகும். விளையாட்டு கடற்கரையிற் கிடக்கும் தனியனுக்கே மதிலைப் பிறவிக்குணமாக்கிவிடுகின்றது.

திருக்குறளின் 75 ஆம் அதிகாரமாகிய 'அரண்', உயர்வு, அகலம், திண்மை, அணுகுதற்கருமை ஆகியவற்றைக் கூறுவதோடு அமையவில்லை. உள்ளிருப்போருக்கான உணவையும் காக்கும் நல்லாட்களையும் அது வேண்டுகின்றது. ஈற்றிலே, செயற்றிறம் இல்லாரிடத்து எத்துணை மாண்புடைய அரணும் பயனற்றது என முடிக்கின்றது. மன்னனுக்காகக் கூறப்பட்டதாயினும், மதிலின் வலிமை மதிலில் இல்லை என்ற உண்மையை அது மறைக்கவில்லை.

6

இவ்வுண்மையை நூல்களிலன்றி வாழ்விற் கற்ற நகரம் கொழும்பு. 1983 யூலையில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளுக்குச் சுவரும் படலையும் இல்லாமலில்லை. தமிழர் வீடு எது என்று அறிய வாக்காளர் பட்டியல் பயன்படுத்தப்பட்டது. விளையாட்டிற் சூறையாடுவோன் தேடுவது பேழையை. அன்று தேடப்பட்டது பெயர். அந்நாள்களில் உயிர் தப்பியோர் பலரைக் காத்தது மதிலன்று, தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட சிங்கள அயலவர். அயலவனை எப்போதும் பகைவனாகவே கணக்கிடும் விளையாட்டில், இந்நிகழ்ச்சிக்கு இடமேயில்லை.

2007 யூன் 7 ஆம் திகதி விடியலுக்கு முன் நடந்ததும் நினைவுகூரத்தக்கது. கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பேருந்துகளில் ஏற்றி வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பினர். எந்தச் சுவரும் தகர்க்கப்படவில்லை. கதவுகள் தட்டப்பட்டன, திறந்தன. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. ஓர் இரவில் மனிதரை அந்நியராக்கியது சுவரின் மென்மையன்று. இந்நகரில் இருக்க உரியவர் யார் என்னும் தீர்மானம். அதனைத் தடுத்ததும் சுவரன்று, இன்னொரு தீர்மானம். விளையாட்டின் மொழியிற் கூறுவதாயின், போராட்டம் அலுமாரியைப் பற்றியதாகவே இருந்தது.

ஆயினும் அதன் பின்னரும் நாம் சுவர்களையே உயர்த்தினோம். கொட்டாஞ்சேனை நண்பர் ஒருவரின் மகன் தன் அரணின் வரைபடத்தை எனக்கு விளக்கினான். இரட்டைக் கதவு, கம்பி வலை, வெளியே நிற்பவரை நோக்க ஒரு துவாரம். அவர்கள் வீட்டு வாயிலிலும் அவையே இருந்தன. அவன் அதனைக் கவனித்திருக்கவில்லை. தந்தை கவனித்தார், ஒன்றும் பேசவில்லை.

7

ஆகவே இத்தகைய விளையாட்டைத் தடைசெய்தல் பற்றிய ஒழுக்கவாதக் கூப்பாடு நமக்கு உடன்பாடன்று. அது பொய் கூறுவதினும் அரையுண்மை கூறுவதே மிகுதி. பாதுகாப்பு ஒரு பொருளாதாரக் கணக்கு என்பதையும் உரிமைப் பதிவே அரணின் மையம் என்பதையும் அது ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றது. அப்பதிவேட்டை எழுதியவர் யார், அதனை மாற்றி எழுதுதல் இயலுமா என்ற வினாக்களை மட்டும் அது எழவிடுவதில்லை.

கொழும்பின் பழைய கோட்டை மதில்களைப் பிரித்தானியர் 1870 ஐ அண்டிய ஆண்டுகளில் இடித்தனர். வணிகமும் சட்டமும் மதிலின் பணியைச் செய்யத் தொடங்கிய பின் கல் தேவைப்படவில்லை. பெயர் மாத்திரம் எஞ்சி, அப்பகுதியை இன்றும் கோட்டை என்றே வழங்குகின்றோம். மதில் மறைந்தபின்னும் அதிகாரம் நின்றது என்பதை அப்பெயர் நாள்தோறும் நினைவூட்டுகின்றது. இளைஞர் தமது அரணை மேலும் திறம்படக் கட்டட்டும். ஆனால் நடுவறைக் கதவைத் திறந்து, அலுமாரியில் எவர் பெயர் உண்டு, எவர் பெயர் இல்லை என வினவவும் அவர்கள் பழகவேண்டும். அவ்வினாவை எழுப்பக் கற்பித்தலே முற்போக்குத் திறனாய்வின் பணியாகும்.