மலாக்காவின் மரபுக் காட்சியில் தோட்டத் தமிழர்: ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு நகரம் தன்னைக் காண வருவோருக்கு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது விடுகிறது என்பது அந்நகரம் தன் வரலாற்றை எவ்வாறு புரிந்துகொண்டுள்ளது என்பதற்குச் சான்றாகும். இவ்வகையில் சுற்றுலாக் கையேடு, அருங்காட்சியகம், பண்பாட்டு நிகழ்ச்சி ஆகியவற்றையும் ஓர் இலக்கியப் பனுவலைப் போன்றே வாசிக்க இயலும். பனுவலுக்குக் கதைமாந்தர் இருப்பது போல மரபுக் காட்சிக்கும் கதைமாந்தர் உளர்; கதையில் இடம்பெறாதோரும் உளர்.

மலாக்கா நகரம் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பினாங்கின் ஜார்ஜ் டவுனுடன் இணைத்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் பின்னர் இந்நகரின் மரபைக் காண்பதும் நுகர்வதும் ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்துள்ளன. இக்காட்சியில் மலாக்காத் தமிழர் எவ்வாறு இடம்பெறுகின்றனர், அவர்களுள் எவர் விடுபடுகின்றனர், அவ்விடுபாட்டின் காரணம் யாது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வணிகருக்குக் கிட்டிய இடம்

மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள் என்ற பெயரில் பட்டியலிடப்பட்டன. கிழக்கும் மேற்கும் சந்தித்த பல்லின வணிக நகரம் என்பதே அத்தகுதிக்கு அடிப்படை. இதனை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வணிகம் என்னும் சட்டகத்தினுள் அடங்கும் தமிழர் இக்காட்சியில் எளிதாக இடம்பெறுகின்றனர்.

அவ்விடம் தகுதியற்றது என்று எவரும் கூறார். சுல்தான்களின் காலத்திலேயே சோழமண்டலக் கரை வணிகர் மலாக்காவில் செல்வாக்குடன் வாழ்ந்தனர். 1511இல் போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றியபோது நீனா சத்து என்ற இந்து வணிகரே பெண்டகாராவாக நியமிக்கப்பட்டார். 1514இல் அப்பதவி பறிக்கப்பட்டபோது அவர் தீப்புகுந்து உயிர் நீத்தார். டச்சுக்காரர் வழங்கிய நிலத்தில், செட்டிச் சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டியின் முயற்சியால் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் ஜாலான் துக்காங் ஏமாசில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்று அப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அமைந்துள்ளன. சமய நல்லிணக்கத்தின் அடையாளமாக இத்தெரு பயணிகளுக்குக் காட்டப்படுவது பொருத்தமே.

எனினும், தெருவைக் காட்டுவது வேறு. தெருவில் வாழ்ந்தோரைப் புரியவைப்பது வேறு. கோபுரத்தின் முன் நின்று நிழற்படம் எடுத்துச் செல்லும் பயணிக்கு நீனா சத்துவின் ஏற்றமும் வீழ்ச்சியும் பெரும்பாலும் தெரிவதில்லை. நல்லிணக்கம் என்ற ஒற்றைச் சொல் வரலாற்றின் முரண்கள் அனைத்தையும் மூடிவிடுகிறது.

செட்டி கிராமமும் காட்சியின் இரு வகையும்

காஜா பேராங்கில் உள்ள செட்டி கிராமம் தனித்துக் கருதத்தக்கது. சுல்தானகக் காலத் தமிழ் வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான இச்சமூகம் சைவ நெறியைக் கைவிடவில்லை; ஆனால் தமிழ் மொழியை இழந்து மலாய் வழிக் கலப்பு மொழியைப் பேசுகிறது. பெண்டிர் கெபாயாவும் சாரோங்கும் அணிவர். பின்னாளில் வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியாருடன் இவர்களைச் சேர்த்து எண்ணுவது நம்மவரிடையேயும் காணப்படும் தவறாகும்.

பொங்கலுக்கு முந்திய போகி நாளில் முன்னோர்க்கு வாழையிலையில் உணவு படைக்கும் 'பராச்சு' சடங்கு இங்கு இன்றும் நிகழ்கிறது. நம் படையலோடு ஒப்பிடத்தக்க அச்சடங்கில் நாசி லெமாக்கும் இடம்பெறும். முத்துமாரியம்மன் திருவிழா 'டத்தோ சாச்சார்' என மலாய்ப் பெயரால் வழங்குகிறது. சாச்சார் என்பது அம்மை நோய். மொழி மாறிய பின்னும் மாரி வழிபாட்டின் உட்பொருள் மாறவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இங்கு நாம் ஒரு வேறுபாட்டை வகுத்துக்கொள்ளலாம். ஒரு சமூகம் தன் தேவைக்காகச் செய்வதைப் பிறர் வந்து காண்பது ஒரு வகை. காண்போரின் தேவைக்காகவே செய்யப்படுவது மற்றொரு வகை. பராச்சு முதல் வகையைச் சார்ந்தது. மாசி மகத்தன்று முருகன் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங் சந்நியாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்கு இரதமேறிச் செல்வதும் அத்தகையதே. பயணி ஒருவரும் வாராவிடினும் அவை நிகழும். ஆயர் குரோவில் 1986இல் திறக்கப்பட்ட மினி மலேசியா பூங்கா இரண்டாம் வகையைச் சார்ந்தது. அங்கு மாநிலம் என்பதே அலகு. மாநிலத்திற்கு ஒரு மரபு வீடு என்பதே அமைப்பு. எந்த ஒரு மாநிலத்திற்கும் உரியதாகாமல் தீபகற்பத்தின் மேற்குக்கரை முழுதும் பரவியிருந்த தோட்டத்து லயவீடு அவ்வமைப்பினுள் நுழைய வழியில்லை.

இரண்டாம் வகை முற்றிலும் பயனற்றது என்பது நம் கருத்தன்று. அதன் வருவாயால் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஆயின், காட்சி வளர்வதனால் மட்டும் சமூகம் காக்கப்படும் எனக் கொள்வதற்கில்லை. செட்டி கிராமம் உலக மரபுரிமை எல்லைக்கு வெளியே அமைந்தது. கடந்த பத்தாண்டின் முற்பகுதியில் கிராமத்தை ஒட்டி அடுக்குமாடிக் கட்டுமானத் திட்டம் எழுந்தபோது கிராமத்தார் எதிர்ப்புத் தெரிவிக்க நேர்ந்தது. கையேட்டில் இடம்பெற்ற சமூகமும் தன் நிலத்திற்காகத் தானே குரல் கொடுக்க வேண்டியிருந்தது என்பதே இதன் பாடம்.

எல்லைக்கு வெளியே நின்ற தோட்டம்

கையேட்டில் இடம்பெறாத சமூகத்தின் நிலை யாது? மலாக்கா மாநிலத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் வணிகரின் வழித்தோன்றல்கள் அல்லர். பால்மரம் சீவ வந்தோரின் வழித்தோன்றல்கள். ஜாசின், மெர்லிமாவ், பத்தாங் மலாக்கா, பூலாவ் செபாங், ஆசாஹான் ஆகிய வட்டாரங்களில் அவர்தம் வாழ்வு வேரூன்றியது. மரபுக் காட்சி இவர்களைப் புறக்கணித்ததாகக் கூடக் கூற இயலாது. இவர்கள் இருப்பதையே அது அறியவில்லை எனலாம்.

வணிக நகரத்தின் கதையில் தோட்டத்திற்கு இடமில்லை என வாதிடுவோர் உளர். வரலாறு அவ்வாதத்தை ஏற்பதாக இல்லை. மலாயாவின் முதல் வணிகமுறை இரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றியது. டான் சே யான் என்னும் பாபா வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். அதன் வெற்றியைத் தொடர்ந்து புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டத்தை உருவாக்கினார். முன்னர் ஹீரன் தெரு என வழங்கிய தெரு இன்று துன் டான் செங் லோக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரும் இரப்பர்த் தொழிலில் ஈடுபட்டவரே. அத்தெருவின் மாளிகைகளில் பயணிகள் வியந்து நோக்கும் செதுக்கு மரவேலையையும் பூவோடுகளையும் வாங்கிய செல்வத்தில் ஒரு பகுதி பால்மரத்திலிருந்து வடிந்ததாகும். மாளிகையும் லயமும் ஒரே பொருளியலின் இரு முனைகள். ஒரு முனைக்கு நுழைவுக்கட்டணம் வாங்குகிறோம். மறுமுனையை இடித்து வீடமைப்புத் திட்டங்களுக்கு ஒதுக்குகிறோம்.

இருப்புப்பாதையும் இதே உண்மையைக் கூறும். தம்பினையும் மலாக்கா நகரையும் இணைத்த கிளைப்பாதையை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். அதே பாதையில் உழைத்து மாளவே மலாயாத் தோட்டங்களின் தமிழர்களும் கொண்டுசெல்லப்பட்டனர். தண்டவாளமும் மனிதரும் ஒரே காட்டிற்குச் சென்ற இவ்வரலாறு மலாக்காவின் மரபில் சேராதெனின், மரபு என்னும் சொல்லுக்கு நாம் வேறு பொருள் தேட வேண்டியிருக்கும்.

போருக்குப் பின்னரும் தோட்டத்தார் வரலாற்றின் வெறும் பார்வையாளராக இருந்தாரல்லர். ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் பரவியபோது, தொழிலாளர் தாமே தோட்டங்களை வாங்கும் நோக்குடன் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். 1967இல் புக்கிட் ஆசாஹான் தோட்டத் தொழிலாளர்கள் நீதி வேண்டிக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாக அணிவகுத்துச் சென்றனர். கோட்டைகளையும் படையெடுப்புகளையும் போற்றும் மரபுக் காட்சியில் இந்நடைக்கு ஓர் அறிவிப்புப் பலகையேனும் உரியதன்றோ?

அயர்லாந்து தரும் இரு முன்மாதிரிகள்

தோட்ட வாழ்வையும் காட்சிப்படுத்தலாம் என ஒப்புக்கொண்டால், எவ்வாறு என்னும் வினா எழும். காலனி ஆட்சியையும் பெருநில உடைமையையும் கண்ட அயர்லாந்து ஈண்டு ஒப்பிடத்தக்கது. அங்கு இரு வேறு வழிகள் உள்ளன.

முதலாவது பன்ராட்டி. ஷானன் விமான நிலையத்திற்கு அண்மையிலுள்ள அப்பழங்கோட்டையில் 1963 முதல் இடைக்கால விருந்து என்னும் நிகழ்ச்சி நடத்தப்படுகிறது. பயணிகள் நீண்ட மேசையில் அமர்ந்து உண்ண, பழங்கால உடையணிந்தோர் பாடுவர். அருகிலுள்ள நாட்டார் பூங்காவில் ஓலை வேய்ந்த குடிசைகளில் அடுப்பு எரியும், ரொட்டி சுடப்படும். இனிமையான மாலைப்பொழுது கிட்டுவதில் ஐயமில்லை. அக்குடிசையிலிருந்து குடியானவர் ஏன் வெளியேறினர் என்பதை அவ்வினிமையால் மட்டும் உணர்த்த இயலாது.

இரண்டாவது ஸ்ட்ரோக்ஸ்டவுன். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தை விளக்கும் அருங்காட்சியகம் 1994இல் அங்கு ஒரு நிலக்கிழாரின் மாளிகை வளாகத்திலேயே திறக்கப்பட்டது. அப்பண்ணையின் சொந்த ஆவணங்களே அதன் அடித்தளம். 1847இல் நிலக்கிழார் டெனிஸ் மஹோன் 1,490 குத்தகையாளரைக் கனடாவின் கியூபெக்கிற்குக் கப்பலேற்றினார்; அவர்களுள் பலர் வழியிலேயே மாண்டனர். அவரும் அவ்வாண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். மாளிகையின் அழகும் குடியானவரின் பசியும் ஒரே வளாகத்தில் காட்டப்படுவதால், ஒன்றைக் காண்பவர் மற்றதைக் காணாது திரும்ப இயலாது.

நம்மவரின் அனுபவத்திற்கு நெருங்கிய சான்றுகளும் உள. மொரிசியசில் ஒப்பந்தத் தொழிலாளர் கரையிறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலக மரபுரிமைத் தகுதி பெற்றது. இலங்கையில் கம்பளைக்கு அண்மையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இல் ஒரு பழைய லயத்திலேயே தொடங்கப்பட்டது. ஆகவே கூலி வாழ்வு காட்சிக்குரியதன்று என்னும் கூச்சம் தேவையற்றது.

பன்ராட்டி வழியே சென்றால் நமக்கு என்ன கிட்டும் என்பதை ஊகிப்பது கடினமன்று. உளியும் காண்டாவாளியும் சுவரில் தொங்கும். பயணிகள் ஒரு மரத்தைச் சீவிப் பார்ப்பர். மாலையில் பரதநாட்டியம் நடைபெறும். பரதம் உயர்ந்த கலையே. எனினும் தோட்டத்தின் கலை கும்மியும் கோலாட்டமும் காமன் கூத்தும் உருமி மேளமும் அல்லவா? செவ்வியல் கலையைத் தோட்டத்தின் பிரதிநிதியாக நிறுத்துவது தோட்டத்தை இரண்டாம் முறை மறைப்பதாகும். மேலும், வறுமையில் வாழ்வோரின் வீட்டு வாயிலைப் பேருந்துப் பயணிகளுக்குக் காட்சியாக்குவது எவ்வகையிலும் ஏற்புடையதன்று.

தமிழாசிரியரும் ஆய்வாளரும் ஆற்றக்கூடிய பணி

ஸ்ட்ரோக்ஸ்டவுன் வழியில் செல்ல ஆவணங்கள் வேண்டும். தோட்ட அலுவலகங்கள் கைமாறும்போது செக்ரோல் புத்தகங்கள் எரிக்கப்படுவதும் பழைய தாள்கடைக்குச் செல்வதும் இயல்பாகிவிட்டன. எஞ்சியவை வீடுகளில் உள்ளன: சம்பளச் சீட்டு, கூட்டுறவுச் சங்கப் பங்குப் புத்தகம், கோயில் திருவிழா அழைப்பிதழ், பள்ளி நிழற்படம். இவற்றைத் திரட்ட வல்லவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே. மக்கள் அவரை நம்புவர். பல பள்ளிகள் தோட்டம் மறைந்த பின்னரும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. புக்கிட் லிந்தாங்கின் பெயர் இன்று ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயராகவும் வாழ்கிறது. நாட்டின் இரப்பர் வரலாறு தொடங்கிய இடத்தின் நினைவை ஒரு தமிழ்ப்பள்ளி சுமப்பதை அப்பள்ளிகளின் மாணவர் அறிதல் நலம்.

வாய்மொழிச் சான்றுகளைப் பதிவதில் விழிப்பும் தேவை. பழையன யாவும் பொற்காலம் என்னும் ஏக்கம் ஆய்வைக் கெடுக்கும். விடியற்காலைப் பிரட்டையும் ஆயாக்கொட்டகையையும் நினைவுகூரும் முதியவரிடம் கங்காணியின் கொடுமை, கள்ளுக்கடை, சாதி வேறுபாடு ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். பால்வெட்டும் இல்லப்பணியும் ஒருசேரச் சுமந்த பெண்களின் சொல்லைத் தனியே பதிய வேண்டும். சொல்லுவோரின் ஒப்புதலும், பதிவின் ஒரு படி அவர்தம் குடும்பத்திற்கே திரும்பச் சேர்வதும் இன்றியமையாதன.

இவ்வாறு திரட்டியதைக் கொண்டு ஒருநாள் பயண வழி ஒன்றை வகுக்கலாம். துன் டான் செங் லோக் தெருவின் மாளிகையில் தொடங்கி, பொய்யாத விநாயகர் ஆலயம், செட்டி கிராமம் வழியாகப் பூலாவ் செபாங் இரயில் நிலையத்தை அடைந்து, ஆசாஹானில் நிறைவுறும் வழி அது. புதிய கட்டடம் எதுவும் வேண்டுவதில்லை. கற்ற வழிகாட்டிகளும் சில அறிவிப்புப் பலகைகளும் போதும்.

முடிவுரை

மலாக்காவின் மரபுக் காட்சியில் தமிழர் இடம்பெறவில்லை என்பது உண்மையன்று. வணிகத் தமிழர் இடம்பெற்றுள்ளனர். உழைப்புத் தமிழர் விடுபட்டுள்ளனர். இவ்விடுபாடு தற்செயலானதன்று, வணிக நகரம் என்னும் சட்டகத்தின் விளைவு. அச்சட்டகத்தை மறுக்க வேண்டியதில்லை. வணிகத்தின் சரக்கை விளைவித்தோர் யார் என்னும் வினாவை அதனுள் எழுப்பினால் போதும், தோட்டம் தானே காட்சிக்குள் வந்துவிடும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை இன்று முதுமையில் உள்ளது. ஆதலின் இப்பணியைத் தள்ளிப்போட நமக்கு அதிகக் காலமில்லை.