யாருமற்ற வெளி: கழுவெளியைப் பார்ப்பது குறித்து

ஒரு தை மாதக் காலை நண்பர்கள் நாலு பேர் திண்டிவனத்தில் பஸ் ஏறி மரக்காணம் போய், அங்கிருந்து கழுவெளிக்குப் போனோம். எங்கள் கையில் ஒரு பைனாகுலர் இருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், அதற்கப்பால் பூநாரைக் கூட்டம். ‘மனுஷ வாடையே இல்லாத இடம்ப்பா’ என்றார் ஒரு நண்பர். நானும் தலையாட்டினேன். அந்த நேரத்தில் நாங்கள் நின்ற கரைக்குக் கீழேயே ஒரு அம்மாவும் அவர் மகனும் தொடையளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருளர்கள். பைனாகுலரைக் கீழே இறக்கிய பிறகுதான் கண்ணில் பட்டார்கள். ‘வேடிக்க பாக்க வந்தீங்களா சார்?’ என்று அந்த அம்மா கேட்டார். ‘ஆமாம்மா’ என்றேன். வேறு என்ன சொல்ல?

இதைக் கவனப்பிசகு என்று விட்டுவிட முடியாது. இயற்கை என்றால் மனிதர் இல்லாத இடம் என்று காலண்டரும் சினிமாவும் பாடநூலும் நமக்குள் ஒரு சட்டகத்தை மாட்டி வைத்திருக்கின்றன. அந்தச் சட்டகத்துக்குள் பறவை வரும், இறால் தடவுகிற கை வராது. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம் இந்தப் பார்வையைச் சட்ட மொழியிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதன்படி வனாந்தரத்தில் மனிதன் வந்துபோகிற விருந்தாளி, தங்குகிறவன் இல்லை. ஆனால் அந்த நாட்டின் புகழ்பெற்ற ‘தூய’ நிலங்களில் ஒன்றான யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் 1851இல் ஒரு படையே இறங்கி அவானிச்சி மக்களைத் துரத்தியது. 1890இல் அதைச் சுற்றியுள்ள பகுதி தேசியப் பூங்காவானது. முதலில் காலி செய்தார்கள், பிறகு காலியாக இருப்பதைப் பார்த்து வியந்தார்கள். ராமச்சந்திர குஹா 1989இலும் வில்லியம் குரோனன் 1995இலும் எழுதிய விமர்சனங்கள் இந்த இடத்தைத்தான் தொட்டன.

பார்வை எப்படி நிர்வாகமாகிறது? அதே 1964இல் ராபர்ட் லூகாஸ், மின்னசோட்டா மாநிலத்தின் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிப் பகுதிக்கு வருகிறவர்களின் பார்வையை ஆராய்ந்து எழுதினார். துடுப்புப் படகில் வந்தவர்களுக்கு வனாந்தரம் சின்னதாகவும் மோட்டார் படகில் வந்தவர்களுக்குப் பெரிதாகவும் தெரிந்தது. துடுப்புக்காரர்களை மோட்டார் சத்தம் உறுத்தியது. மோட்டார்காரர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வனாந்தரத்தின் எல்லை மண்ணில் இருப்பதைவிட வருகிறவர் தலைக்குள் இருக்கிறது என்பது முக்கியமான கண்டுபிடிப்பு. எந்த வருகையாளருக்கு எந்தப் பகுதியை ஒதுக்குவது என்ற நிர்வாகச் சிந்தனைக்கு அது வழி திறந்தது. ஆனால் அங்கே அளக்கப்பட்டது வருகிறவரின் கண். அந்த ஏரிப் பகுதியில் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் 1854 ஒப்பந்தத்தில் உரிமையைத் தக்கவைத்துக்கொண்ட ஒஜிப்வே மக்களின் கண் அந்த அளவுகோலில் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். வானூர், மரக்காணம் வட்டங்களில் கிடக்கும் கழுவெளியின் 5,151.60 ஹெக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இதை நான் வரவேற்கிறேன். ஆக்கிரமிப்புக்கும் ரியல் எஸ்டேட்டுக்கும் நடுவில் ஒரு சதுப்பு நிலம் பிழைத்திருக்கச் சட்டம் வேண்டும். இறால் பண்ணைகள் கடற்கரையை என்ன செய்தன என்பதையும் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டி வந்ததையும் மறந்துவிட்டுப் பேசுகிறவன் இல்லை நான்.

கேள்வி சட்டத்தின் கண் பற்றியது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் யார் இருக்கலாம் என்று பட்டியலிடுகிறது. அரசு ஊழியர், அனுமதி பெற்றுக் குடியிருப்பவர், உள்ளே அசையாச் சொத்தில் உரிமை உள்ளவர், பொதுச் சாலையில் கடந்து போகிறவர் என்று அது போகிறது. 28ஆம் பிரிவு எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று சொல்கிறது. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா எல்லாம் அதில் இருக்கின்றன. அதாவது பைனாகுலரோடு போன எனக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. பட்டா எதுவும் இல்லாமல் தலைமுறையாகச் சேற்றைத் தடவுகிற அந்த அம்மாவுக்கு இந்த இரண்டு பட்டியலிலும் பெயர் இல்லை. இருக்கிற உரிமையைத் தொடர விட 24ஆம் பிரிவில் கலெக்டருக்கு வழி உண்டுதான். ஆனால் உரிமை என்று முதலில் நிரூபிக்க வேண்டும். தண்ணீரில் பதிந்த கால்தடத்தை எந்த ஆவணத்தில் காட்டுவது?

இந்த நிலத்தைப் பற்றி நம்மிடம் வேறு ஒரு பயண இலக்கியம் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஓய்மா நாட்டுக்காரன். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனம். அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அடையாளம் காண்கிறார்கள். பாணனுக்கு அங்கே வழி எப்படிச் சொல்லப்படுகிறது? எயிற்பட்டினத்தில் பரதவர் கள்ளும் சுட்ட மீனும் தருவார்கள். வேலூரில் எயினர் வீட்டுப் பெண்கள் புளிச்சோறும் இறைச்சியும் தருவார்கள். ஆமூரில் உழவர் வீட்டில் சோறும் நண்டும் கிடைக்கும். வருகிறவனுக்கு நிலம் அறிமுகமாவதே அங்கே வாழ்கிறவர்களின் சோற்றுப் பானை வழியாகத்தான். இன்றைய சுற்றுலாக் கையேடு இதைத் தலைகீழாக்குகிறது. அதில் பறவைக்குப் பெயர் உண்டு, ஜனங்களுக்கு இல்லை.

உடனே ‘பார்த்தாயா, நம் திணை மரபு’ என்று மார்தட்டத் தோன்றும். வேண்டாம். கருப்பொருளில் உணவையும் தொழிலையும் வைத்த அதே தொல்காப்பிய மரபு, அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தது. உழைக்கிறவனின் உழைப்பு நிலத்துக்கு அடையாளமாகலாம், அவன் அந்தக் கவிதைக்கு நாயகனாக முடியாது. நம் மரபுக்கும் ஒரு பைனாகுலர் இருந்தது என்பதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? முதலில் கழுவெளியைக் ‘கன்னி நிலம்’ என்று விளம்பரப்படுத்துவதை நிறுத்த வேண்டும். சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் வந்து சேர்கிற இடம் அது. அந்த ஏரிகள் மனிதர் வெட்டியவை. வரத்து வாய்க்கால் தூர்ந்தால் பூநாரையும் வராது. இரண்டாவது, 2006 வன உரிமைச் சட்டம். சரணாலயமும் வன நிலம்தான் என்கிறது அது. நீர்நிலைகளின் மீனுக்கும் பிற விளைபொருளுக்குமான சமூக உரிமையை அதன் 3ஆம் பிரிவு அங்கீகரிக்கிறது. ஆனால் பழங்குடி என்பதற்குச் சான்றிதழ் இல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை நிரூபித்தாக வேண்டும். திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் சாதிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் மனு எழுதிக்கொண்டிருப்பதை நம் சூழலியல் நண்பர்கள் தனி விவகாரமாகப் பார்க்கிறார்கள். கழுவெளியின் நிர்வாகம் அந்த மனுவில்தான் தொடங்குகிறது. மூன்றாவது, எந்த மாதம் எந்தப் பகுதியில் இறங்கலாம், பறவை கூடுகிற இடத்தை எப்போது விட்டுவிட வேண்டும் என்பதைக் கையால் சேற்றை அறிந்தவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். பறவையைக் காக்க அவர்கள் வெளியேற வேண்டும் என்றால், அந்த வாதத்தை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லி, பதிலையும் கேட்க வேண்டும்.

அன்றைக்குத் திரும்பும்போது நண்பர் எடுத்த படங்களைப் பார்த்தோம். எல்லாம் நல்ல படங்கள். ஒன்றின் ஓரத்தில் ஒரு முதுகு விழுந்திருந்தது. ‘இத வெட்டிட்டாப் போதும், நல்லா வந்துரும்’ என்றார். ‘வெட்டாதீங்க தோழர், அப்பிடியே இருக்கட்டும்’ என்றேன்.