திரும்பும் டிக்கெட் உள்ள மௌனம்

செஞ்சிக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி, அப்பா படுத்தபிறகு, லேப்டாப்பில் ‘ஜென் ஃபார் நத்திங்’ பார்த்தேன். வெர்னர் பென்செல் இயக்கி 2016இல் வந்த ஆவணப்படம். ஜப்பான் மலைக்குள் இருக்கும் அந்தைஜி என்ற ஜென் மடத்துக்கு சபீன் திமோத்தியோ என்ற சுவிஸ் நடிகை போகிறார், இலையுதிர்காலத்தில் ஆரம்பித்து வசந்தம் வரை தங்குகிறார். கதைன்னு வேறெதுவும் இல்லை. 1921இல் கியோத்தோவில் தொடங்கிய மடம் அது. நகரம் நெருக்கியதும் 1970களில் மலைக்கு இடம்பெயர்ந்தது.

தியானம் என்றாலே புல்லாங்குழலைப் போட்டு ட்ரோனை ஏற்றிவிடும் படங்களைப் பார்த்துச் சலித்தவன் நான். இதில் அந்த அசட்டுத்தனம் இல்லை. உட்கார்வது எவ்வளவோ அவ்வளவு வேலையும் இருக்கிறது: வயல், விறகு, தையல். மடத்தில் வைஃபைகூட உண்டு. புனிதத்தின் மேல் போர்வை போர்த்தாத கேமரா. ஃப்ரெட் ஃப்ரித்தின் இசை மட்டும் சில இடங்களில் மௌனத்தை நம்பாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. சபீன் கிளம்பிவிடுவார் என்பது நமக்கு முதல் காட்சியிலேயே தெரியும். அவருடைய மௌனத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது. திரும்பாதவர்களின் முகங்களைப் படம் கடந்துதான் போகிறது.

காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு திருநாதர்குன்று போனேன். சிங்கவரம் பக்கம்தான். பாறையில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள். கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருத்தர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை (நானே பத்து வருஷம் கழிச்சுத்தான் வந்தேன்). இங்குள்ள பழைய கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்கிறது. பெயர், நாள் கணக்கு, இது அவருடைய நிசீதிகை என்ற தகவல். அந்த 57 நாளில் அவர் என்ன நினைத்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு சொல் கிடையாது. பென்செல் நூறு நிமிஷத்தில் நெருங்க முடியாத ஒன்றின் பக்கத்தில் இந்தச் சில வரிகள் நிற்கின்றன.

இதை அழகு என்று எழுதத் தயக்கமாயிருக்கிறது. அம்மா போனதிலிருந்து அப்பா ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார். கேட்டால் “பசிக்கலடா” என்பார். அதைத் துறவு என்பதா, துக்கம் என்பதா, எனக்குப் பிடிபடவில்லை. படம் பார்த்து மௌனத்தைப் பற்றிக் குறிப்பெடுத்த ராத்திரியிலும் பக்கத்து அறையில் அவர் வெறும் வயிற்றோடுதான் படுத்திருந்தார்.

ஞாயிறு ராத்திரி பஸ். சென்னைக்கு ஏற்கெனவே புக் பண்ணியாச்சு.