வேற்றுக்கோளிலிருந்து வந்த குடியேறி: சூப்பர்ஹீரோ கதைகளில் சமயக் குறியீடும் புலம்பெயர் வாழ்வும்

அமெரிக்க சூப்பர்ஹீரோ கதைகளை ஆராய்வோர் நெடுங்காலமாக இரண்டு கேள்விகளைச் சுற்றியே எழுதிவருகின்றனர். முகமூடியும் மேலங்கியும் அணிந்த இந்நாயகர்களுக்குள் எந்தச் சமயத்தின் தொன்மம் உறைந்திருக்கிறது என்பது ஒன்று. அவர்களைப் படைத்தவர்களின் குடியேற்ற வாழ்வு கதைகளில் எந்த அளவுக்குப் பதிந்திருக்கிறது என்பது மற்றொன்று. சிம்கா வைன்ஸ்டைன் 2006இலும் டேனி ஃபிங்கராத் 2007இலும் வெளியிட்ட நூல்கள் தொடங்கி இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்பட்டு வருவதால், முதல் கேள்விக்குச் சொல்லப்படும் சான்றுகள் பலவும் ஆட்டங்காணக்கூடியவை என்பதும், இரண்டாவதற்கான சான்றுகளோ கதையின் அன்றாட விவரங்களிலேயே கிடப்பவை என்பதும் கவனத்துக்கு வராமல் போகின்றன.

ஜூன் 1938 என்ற தேதியுடன் வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேனின் பிறப்புக் கதைக்கு ஒரே ஒரு பக்கம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எங்கோ தொலைவில் பெயர் சொல்லப்படாத ஒரு கோள் முதுமையால் அழிகிறது. அங்கிருந்த அறிவியலாளர் ஒருவர் அவசரமாகச் செய்த விண்கலத்தில் தன் ஆண் குழந்தையை வைத்துப் பூமிக்கு அனுப்புகிறார். வண்டியில் அவ்வழியே சென்ற யாரோ ஒருவர் அதைக் கண்டெடுத்து அனாதை இல்லத்தில் சேர்க்கிறார். தந்தைக்குப் பெயரில்லை, கடவுளைப் பற்றிய பேச்சில்லை, இன்று உலகறிந்த அந்தக் கென்ட் தம்பதிகூட இல்லை. வளர்ப்புப் பெற்றோர் 1939இல்தான் கதைக்குள் வருகின்றனர். குறியீடுகளைத் தேடி இப்பக்கத்துக்கு வரும் வாசகருக்குக் கிடைப்பது, வந்த ஊர் தெரியாத ஒரு குழந்தையும் அதை ஏற்றுக்கொள்ளும் ஒரு பொது நிறுவனமும் மட்டுமே.

இதைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1914இல் பிறந்தவர்கள், யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். சீகலின் பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து வந்தவர்கள். ஷூஸ்டர் கனடாவின் டொரொன்டோவில் பிறந்தவர், அவருடைய தந்தை ராட்டர்டாமிலிருந்தும் தாய் கீவிலிருந்தும் புறப்பட்டு வந்தவர்கள். கிளீவ்லாந்து நகரில், யூதர்கள் அடர்ந்து வாழ்ந்த கிளென்வில் பகுதியில் பள்ளி மாணவர்களாகச் சந்தித்த இருவரும் தம் படைப்பின் முழு உரிமையையும் 130 டாலருக்கு விற்றனர் என்பது காமிக்ஸ் வரலாற்றில் ஓயாமல் சொல்லப்படும் செய்தி. நியூயார்க்கிலும் நிலைமை வேறாக இல்லை. வில் ஐஸ்னர், பாப் கேன், பில் ஃபிங்கர், ஸ்டான் லீ ஆகிய நால்வரும் பிராங்க்ஸ் பகுதியிலிருந்த டிவிட் கிளின்டன் என்ற ஒரே பள்ளியில் படித்தவர்கள். விளம்பர நிறுவனங்களும் மதிப்புமிக்க பத்திரிகைகளும் யூத இளைஞர்களுக்கு எளிதில் கதவைத் திறக்காத காலத்தில், படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த காமிக்ஸ் தொழில் அவர்களை உள்ளே விட்டது. பதிப்பாளர்களிலும் பலர் அவர்களைப் போன்றே குடியேறிக் குடும்பத்தினர். ஒரு சமூகம் ஒரு தொழிலில் திரண்டதற்கு, சமய மரபில் ஊறிய கதைசொல்லும் திறனைக் காரணம் காட்டுவதைவிட, மற்ற கதவுகள் அடைபட்டிருந்ததைக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருத்தமானது.

சமய வாசிப்பின் முதன்மையான வாதம், ஆற்றில் விடப்பட்ட கூடைக்குள் கிடந்து அந்நியர் வீட்டில் வளர்ந்த மோசேயின் கதையே விண்கலமாக உருமாறியது என்பது. ஒப்புமை உண்மைதான், ஆனால் அது மோசேயோடு நிற்பதில்லை. வியன்னாவின் உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ ராங்க் 1909இல் நாயகர்களின் பிறப்புத் தொன்மங்களை ஒப்பிட்டு எழுதிய நூலில், அக்காது அரசன் சார்கோன், மோசே, இடிபஸ் ஆகியோரின் வரிசையில் மகாபாரதக் கர்ணனையும் சேர்த்திருந்தார். பேழையில் மிதந்து வந்து தேரோட்டி வீட்டில் வளர்ந்த கர்ணனை அறிந்த தமிழ் வாசகருக்கு, இந்தக் கதையமைப்பை ஒரே சமயத்தின் தனிச்சொத்தாகக் கொள்வதில் உள்ள இடர் உடனே விளங்கும். எபிரேயத்தில் இறைவனைக் குறிக்கும் ‘எல்’ என்ற சொல் சூப்பர்மேனின் பிறப்புப் பெயரான கால்-எல் என்பதில் இருப்பது இரண்டாவது வாதம். இதுவோ இன்னும் மெலிந்தது. 1939இல் செய்தித்தாள் தொடரில் சீகல் இட்ட பெயர் L என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை ஒட்டிய ‘Kal-L’ மட்டுமே. எபிரேயச் சொல்லை நினைவூட்டும் எழுத்துக்கூட்டல், வானொலித் தொடருக்கு எழுதிவந்த ஜார்ஜ் லோதர் 1942இல் வெளியிட்ட நாவலின் வழியாகவே வந்து சேர்ந்தது. பிராக் நகரத்து ரபி களிமண்ணால் செய்து உயிரூட்டியதாகச் சொல்லப்படும் கோலெம் என்னும் காவற்பூதத்தை இந்நாயகர்களுக்கு முன்னோடியாகக் காட்டும் மூன்றாவது வாதம், மைக்கேல் ஷேபன் 2000இல் எழுதிய நாவலில் அழகான கற்பனையாக வடிவம் பெற்றது. கற்பனையாகவே அது வலுவானது. மார்ட்டின் லண்ட் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பிற்காலத்தவர் தாம் காண விரும்பியதையே தொடக்ககாலக் கதைகளுக்குள் கண்டெடுத்தனர் என்று விரிவாக வாதிடுகிறது. சில இடங்களில் அவர் அளவுக்கு மீறிக் கறார் காட்டினாலும் அவருடைய அடிப்படை எச்சரிக்கை சரியானதே.

சூப்பர்மேனை யூதப் படைப்பு என்று அச்சில் சொன்ன மிகப் பழைய வாசிப்புகளில் ஒன்று அவருடைய எதிரிகளிடமிருந்தே வந்தது என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சூப்பர்மேன் ஹிட்லரைப் பிடித்து இழுத்துவருவதாக ‘லுக்’ இதழில் வெளியான இரண்டு பக்கக் கதைக்கு எதிர்வினையாக, நாஜிக் காவற்படையின் வாராந்தரி 1940 ஏப்ரலில் சீகலின் இனத்தைச் சுட்டி வசைபாடியது.

யூத இளைஞர் இருவரின் படைப்பு நாற்பதே ஆண்டுகளில் கிறித்துவின் சாயலைப் பூண்டதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. அது வெளிப்படையாகவே செய்யப்பட்டது. 1978இல் ரிச்சர்ட் டானர் இயக்கிய திரைப்படத்தில், மார்லன் பிராண்டோ நடித்த தந்தை தன் ஒரே மகனை மனிதருக்கு வழிகாட்டும் ஒளியாக அனுப்புவதாகப் பேசுகிறார். 2013இல் சாக் ஸ்னைடர் எடுத்த படத்தில் நாயகனுக்கு வயது 33; தேவாலயத்தில் குருவிடம் அவன் ஆலோசனை கேட்கும்போது, கெத்சமனித் தோட்டத்தில் இயேசு மண்டியிட்டு வேண்டும் வண்ணக் கண்ணாடி ஓவியம் அவன் முகத்துக்கு அருகிலேயே தெரிகிறது. அப்படத்தை ஒட்டிப் பிரசங்கம் செய்வதற்கான குறிப்புகளை வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் போதகர்களுக்கு வழங்கியதும் நடந்தது. குறியீடு இந்த அளவுக்குக் கூவி விற்கப்படும்போது அதில் வாசகர் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

குடியேற்றத்தின் தடம் இவ்வளவு உரக்கப் பேசுவதில்லை. கிழக்கு, தெற்கு ஐரோப்பியரின் வருகையைக் கடுமையாகக் குறைத்து ஆசியரை ஏறத்தாழ முற்றிலும் தடுத்த அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் 1924இல் நிறைவேறியபோது, சீகலும் ஷூஸ்டரும் பத்து வயது நிரம்பாத சிறுவர்கள். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து அவர்கள் படைத்த நாயகன், ஆவணம் ஏதுமின்றி வந்திறங்கி, கிளார்க் கென்ட் என்ற உள்ளூர்ப் பெயரைச் சூடி, கண்ணாடியும் கோட்டும் அணிந்து, தோளைக் கூனிக் குறுக்கி, செய்தித்தாள் அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். மற்ற நாயகர்கள் முகத்தை மறைக்க வேடமிடும்போது சூப்பர்மேனுக்குக் கிளார்க் கென்ட்டே வேடம் என்று ஓவியரும் எழுத்தாளருமான ஜூல்ஸ் ஃபைஃபர் 1965இலேயே கவனித்திருந்தார். 1996இல் சீகல் மறைந்தபின் எழுதிய கட்டுரையில் அவர் ஒரு படி மேலே சென்று, சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் என்ற கோளை, யூதர்கள் பெருந்திரளாக வெளியேறிய பெலாரஸ் நகரமான மின்ஸ்க்குடன் இணைத்தார். வந்த இடத்தின் நடை, உடை, பேச்சு ஆகியவற்றை ஏற்று, வேறுபாடே தெரியாதபடி கரைந்துபோதலைச் சமூகவியலார் தன்மயமாதல் என்பர். அந்த ஆசையின் உச்சக் கனவாகவே ஃபைஃபர் சூப்பர்மேனைக் கண்டார். படைப்பாளிகளின் பெயர்களையே பார்த்தாலும் இது விளங்கும்: ஜேக்கப் கர்ட்ஸ்பர்க் ஜாக் கிர்பி ஆனார், ஸ்டான்லி லீபர் ஸ்டான் லீ ஆனார், ராபர்ட் கான் பாப் கேன் ஆனார். இரட்டைப் பெயரோடு வாழும் நாயகனுக்கு அவர்கள் வேதநூலில் மாதிரி தேட வேண்டிய தேவையிருக்கவில்லை.

கிர்பியும் ஜோ சைமனும் படைத்த கேப்டன் அமெரிக்கா, 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் தாடையில் குத்துவிட்டான். அமெரிக்கா போரில் இறங்கியிராத காலம் அது. நோஞ்சான் இளைஞனை வீரனாக மாற்றும் பேராசிரியருக்கு ரெயின்ஸ்டைன் என்று பெயர். ஐன்ஸ்டைனை நினைக்காமல் அப்பெயரை அன்று யாரும் படித்திருக்க முடியாது.

யூத அடையாளத்தைக் குறிப்பால் மட்டுமே உணர்த்திய இந்த மௌனம் உடைவதற்கு ஒரு தலைமுறைக் காலமாவது ஆயிற்று. 1963இல் வெறும் வில்லனாக அறிமுகமான மேக்னீட்டோவை, ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்பிழைத்தவனாக எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் 1981இல் வெளிப்படுத்தியதும், பிறழ்மரபினர் என்று வெறுக்கப்படும் எக்ஸ்-மென் கதை முழுவதுமே வேறு பொருள் கொண்டது; உலகை மிரட்டுபவனின் அச்சத்துக்கு வரலாற்றில் காரணம் இருப்பதை வாசகர் மறுக்க முடியாமல் போனது. பாறை உடம்புக்காரனான பென் கிரிம், கிர்பி பிறந்து வளர்ந்த நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியை ஒத்த யான்சி தெருவின் பிள்ளையாகத் தொடக்கத்திலிருந்தே காட்டப்பட்டான். ஆனால் அவன் யூதன் என்பது 2002இல்தான் கதையில் சொல்லப்பட்டது. சிறுவயதில் தான் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க அடகுக்கடைக்காரரைத் தேடிச் செல்லும் அவன், தாக்குதலில் விழுந்துகிடக்கும் அக்கிழவரின் அருகில் மண்டியிட்டு, பாதி மறந்துபோன எபிரேய வழிபாட்டை முணுமுணுக்கிறான். யூதனாக இருப்பதற்கு வெட்கமா என்று பின்னர் அவர் கேட்க, யூதர் எல்லாருமே தன்னைப் போன்ற பூதங்கள் என்று உலகம் எண்ணிவிடக் கூடாதே என்ற தயக்கத்தையே அவன் காரணமாகச் சொல்கிறான். களிமண் கோலெமின் பேச்சு இங்கு வரும்போது அது பொருந்திவிடுகிறது. ஏனெனில் அதை ஆய்வாளர் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, அந்தக் கிழவரே எடுத்துச் சொல்கிறார்.

கத்தோலிக்க நாயகனான டேர்டெவிலின் பாவமன்னிப்புக் காட்சிகளும், சமயம் கதைக்குள்ளிருந்தே எழும் இவ்வகையில் சேர்பவையே. இதற்கு மாறாக, குவைத்தின் நாயிஃப் அல்-முதவ்வா 2006இல் தொடங்கிய ‘த 99’ தொடர், அல்லாஹ்வின் திருப்பெயர்களில் சொல்லப்படும் பண்புகளுக்கு ஏற்ப நாயகர்களை வகுத்துக்கொண்டு புறப்பட்டது. மதத்தலைவர்களின் கண்டனத்தை அது எதிர்கொண்ட துணிவு பாராட்டுக்குரியதாயினும், அட்டவணை முதலிலும் மனிதர் பின்னரும் வந்ததால் பாத்திரங்கள் மெலிந்தே நின்றன.

2014இல் தனித் தொடராக வெளிவந்த ‘மிஸ் மார்வெல்’ சமயம், குடியேற்றம் என்ற இரு இழைகளையும் பிரிக்க முடியாதபடி முறுக்கியது. பதிப்பாசிரியர் சனா அமானத்தும் எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சனும் உருவாக்கிய கமலா கான், நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பெண். அவளுக்கு ஆற்றல் கிடைக்கும் காட்சியில், மேகத்தின்மேல் தேவதைகள் போலத் தோன்றும் நாயகர்களின் நடுவே நிற்கும் கேப்டன் மார்வெல், அமீர் குஸ்ரோவின் பாடலைச் சொல்கிறாள். கிறித்துவ ஓவியங்களின் அமைப்புக்குள் சூஃபி கவியின் சொற்கள் ஒலிப்பதை எந்த விளக்கமுமின்றி அப்பக்கம் வாசகர் முன் வைத்துவிடுகிறது. யாராக மாற ஆசை என்று கேட்கப்பட்டவள் பொன்னிறக் கூந்தல் கொண்ட வெள்ளைக்காரியாக உருமாறுகிறாள். அடுத்த இதழிலேயே காலணி கடிக்கிறது, முடி முகத்தில் விழுகிறது, உடை சரியாகப் பொருந்தாமல் இம்சிக்கிறது. தன்மயமாதலின் கனவு கைகூடிய கணத்திலேயே உடம்புக்கு ஒவ்வாமல் போவதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது. நீரில் தத்தளிக்கும் சக மாணவியைக் கண்டு தயங்கும்போது, ஓர் உயிரைக் காப்பவர் மனிதகுலம் முழுவதையும் காத்தவராவார் என்ற குர்ஆனின் கருத்தைத் தந்தை சொல்லக் கேட்டது அவளுக்கு நினைவு வருகிறது. அதே கருத்து யூதர்களின் சமயநூலான மிஷ்னாவிலும் உண்டு; ஆயினும் கதையில் அது குறியீடாக நிற்காமல், ஒரு வீட்டுப் பிள்ளை அப்பாவின் பேச்சை நினைத்துக்கொள்வதாகவே நிற்கிறது. அவளுடைய நாயக உடையும், முஸ்லிம் பெண்கள் அணியும் முழுநீள நீச்சலுடையை வெட்டித் தைத்ததுதான்.

சூப்பர்மேனைக் குடியேறியாகக் காணும் வாசிப்பு இன்று அரசியல் சண்டையாகவும் மாறியிருக்கிறது. 2025இல் வந்த திரைப்படத்தை ஒரு குடியேறியின் கதை என்று இயக்குநர் ஜேம்ஸ் கன் சொன்னவுடன் வலதுசாரி ஊடகங்கள் சீறின. ஆனால் அந்த வாசிப்பு நேற்று முளைத்ததன்று. 1946இல் அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பான சூப்பர்மேன் தொடர் ஒன்றில், சீனக் குடும்பத்தை மிரட்டும் வெள்ளை இனவெறிக் கும்பலோடு நாயகன் மோதினான். கூ கிளக்ஸ் கிளான் என்னும் உண்மையான அமைப்பை மனத்தில் வைத்தே அக்கும்பல் உருவாக்கப்பட்டிருந்தது. தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்த பெற்றோருக்குப் பிறந்த ஜீன் லூவன் யாங், 2019இல் அத்தொடரைக் காமிக்ஸாக மறுபடைப்புச் செய்தபோது ஒரு பழைய விவரத்தைக் கையிலெடுத்தார். தொடக்ககால சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவ மட்டுமே முடியும். பின்னால் எப்படியோ பறக்கத் தொடங்கினான், யாரும் காரணம் கேட்கவில்லை. யாங்கின் கதையிலோ அவன் நகரத்து மின்கம்பிகளின் மேல் ஓடித் திரிகிறான். பறக்கும் ஆற்றல் அவனுக்குப் பிறவியிலேயே உண்டு, ஆனால் பறந்தால் தான் இந்த ஊர்க்காரனில்லை என்று தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் சிறுவயது முதலே அதை அடக்கி வைத்திருக்கிறான்.