கிரீந்திரசேகர போசும் உளப்பகுப்பாளர் பயிற்சியும்

காய்ச்சலைத் தீர்க்கும் மருத்துவர் தாமும் காய்ச்சலில் விழுந்தெழுந்திருத்தல் வேண்டும் என்பார் ஒருவருமிலர். உளப்பகுப்பாய்வோ, சிகிச்சை அளிக்க விழைபவர் முதலில் அச்சிகிச்சைக்குத் தாமே உட்படுதல் வேண்டும் என விதித்தது. 1920ஆம் ஆண்டு பேர்லின் நகரில் மாக்ஸ் ஐற்றிங்கன் முதலியோர் தொடங்கிய நிலையத்தில் உருவான பயிற்சிமுறை மூன்று உறுப்புக்களை உடையது: தம் உள்ளத்தை மற்றொருவர் முன் பகுத்தாராய்தல், மூத்தோர் மேற்பார்வையில் நோயாளருக்குச் சிகிச்சை அளித்தல், நூற்கல்வி என்பன. வாரத்திற் பல நாள், ஆண்டுக்கணக்காக நிகழும் முதலுறுப்பே தலையாயதாகக் கருதப்பட்டது.

இவ்விதிக்குப் புறநடையாக நின்றவர் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர போஸ் (1887–1953). உள்ளத்தின் ஒடுக்கல் பற்றிய தம் ஆய்வை 1921இல் வெளியிட்டுச் சிக்மண்ட் புரொயிட்டுக்கு அனுப்பினார்; 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார்; 1940இல் லும்பினி பார்க் மனநோய் மருத்துவமனை தோன்றக் காரணராயினார். எனினும், மற்றொருவரிடம் முறையாகப் பகுப்பாய்வு பெற்றவரல்லர். புரொயிட்டும் தம்மைத் தாமே ஆராய்ந்தவரே.

போசின் கொள்கையுள் முதன்மையானது எதிர்விருப்பக் கொள்கை. ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு மறுதலையான விருப்பம் ஒன்று நனவிலி மனத்தில் மறைந்துறையும் என்பது அதன் சாரம். பிறரை அடிக்க விழையும் உள்ளத்தில் அடிபடும் விழைவும் உண்டு. இக்கொள்கையைப் போசின் தொழிலுக்கே பொருத்திப் பார்த்தல் தகும். பிறரைக் குணப்படுத்த விழைபவர் உள்ளத்தில், தாம் குணப்படுத்தப்பட வேண்டும் என்னும் விழைவும் மறைந்திருத்தல் வேண்டுமன்றோ? அதனை உணராதவர் நோயாளரின் துயரிலே தம் துயருக்கு மருந்து தேடுவர். ஆகவே, போஸ் பெற்றிராத பயிற்சியின் இன்றியமையாமையை அவர் கொள்கையே நிறுவுகின்றது என்பது என் துணிபு.

இதற்கு மறுப்பும் உண்டு. ஆசிரியர் ஒருவரின் பிடியில் நில்லாமையினாலேயே போஸ் புரொயிட்டுடன் கருத்து வேறுபடத் துணிந்தார் எனலாம். பயிற்சி பெறுவோர் பணிந்து அடங்குவோராக மாறிவிடுகின்றனர் என மைக்கல் பாலின்ற் 1948இல் குறைகூறியதும் நோக்கத்தக்கது. இம்மறுப்பு வலியதே. ஆயின் அது பயிற்றுவோரின் அதிகாரத்துக்கு எதிரான வாதமேயன்றி, மற்றொருவர் செவியின் தேவைக்கு எதிரானதன்று. பகுப்பாளர் ஐந்தாண்டுக்கொருமுறையேனும் மீண்டும் பகுப்பாய்வுக்கு உட்படுதல் நன்று எனப் புரொயிட்டே 1937இல் எழுதினார். ஒருமுறை பெற்ற பயிற்சியும் வாழ்நாள் முழுதுக்கும் போதியதன்று என்பதே அதன் பொருள்.

முரசுமோட்டையிலிருந்து எழுதும் எனக்கு இது தொலைநாட்டு வழக்கன்று. போர் நம்மவர் உள்ளங்களில் இட்ட வடுக்களை மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். 2009க்குப் பின் வன்னியில் உளவளத்துணை புரிய முன்வந்தோருட் பலர் தாமும் இடம்பெயர்ந்தவர். தாமும் உறவினரை இழந்தவர். மாணவரின் கதை கேட்கும் ஆசிரியரும் அத்தகையோரே. குறுங்காலப் பயிற்சியொன்றை அளித்து அவர்களைப் பிறர் துயர் கேட்க அனுப்பிவிட்டு, அவர் துயரைக் கேட்க ஒருவரையும் வையாது விடுதல் முறையன்று. ஆண்டுக்கணக்கான பகுப்பாய்வு இங்கு எல்லார்க்கும் கைகூடுவதன்று. ஆயினும், பேர்லின் முறையின் இரண்டாம் உறுப்பாகிய மேற்பார்வை கைகூடும். கிழமைக்கு ஒரு மணிநேரமேனும் அனுபவம் வாய்ந்த மூத்தவர் ஒருவர் முன் அமர்ந்து, தாம் கேட்டவற்றையும் அவை தம்முள் எழுப்பியவற்றையும் அவர்கள் எடுத்துரைக்க வழி செய்தல் வேண்டும். உளவளத்துணைக்கு ஆட்களை நியமிப்போர் அந்நேரத்தையும் கடமையுள் ஒன்றாக வகுத்தல் தகும்.